ஒட்டும் பட்டியும் உம்மும்மாவும்

எல்லயில் மழை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுச் சுவர்கள் ஈரத்தில் ஊறிவிடும். காற்று பலத்தால் கரன்ட்டும் போய்விடும். அப்படியான ஓர் இரவில்தான் உம்மும்மா கட்டிலிலிருந்து விழுந்தார்.

பாரிசவாதம் வந்த பிறகு அவருடைய வலது கை இயங்குவதில்லை. தலைமாட்டில் வைத்திருந்த டோர்ச் உருண்டு கீழே விழ, இருட்டில் இடது கையால் அதைத் தேடியிருக்கிறார். அடுத்த அறையில் நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நீ பாடம் படிச்சிட்டு இருந்த மகள். ஒவ்வொன்டுக்கும் கூப்பிட்டா ஒனக்குக் கரச்சல்தானே" என்றார்.

பெரிய காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் 'கரச்சல்' என்ற சொல் என் மனதை விட்டுப் போகவில்லை.

சுவரில் ஆணி அடித்து டோர்ச்சைக் கொளுவலாம் என்றார் வாப்பா. அடித்தபோது சாந்து உதிர்ந்தது. நடுங்கும் ஒற்றைக் கையால் குறி பார்த்து ஆணியில் மாட்டுவதும் இலேசல்ல. அப்போதுதான் தம்பியின் சப்பாத்து கண்ணில் பட்டது. லேஸ் கட்டத் தெரியாத அவன், ஒரே கையால் 'கர்ர்' என்று பிரித்து ஒட்டுகிற வெல்க்ரோ பட்டி!

சின்ன ஆதம் மலைக்கு ஏறி இறங்கினால் நம் உடுப்பு ஓரத்தில் புல்விதைகள் ஒட்டிக்கொண்டு வரும். நாம் எரிச்சலோடு பிடுங்கி எறிவோம். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் அப்படி எறியவில்லை. 1941இல் மலையில் உலாவி வந்தவர், தன் நாயின் உரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். முட்களின் நுனிகள் கொளுக்கிகளாக வளைந்திருந்தன. ஒரு பட்டியில் கொளுக்கிகள், மறு பட்டியில் நூல் வளையங்கள் என்று அவர் உருவாக்கியதற்கு 1955இல் காப்புரிமை கிடைத்தது. வெல்வெட்டையும் கொளுக்கியையும் குறிக்கும் இரு பிரெஞ்சுச் சொற்களின் தொடக்கங்களைச் சேர்த்ததே 'வெல்க்ரோ'. அப்பல்லோ விண்கலங்களில் பொருட்கள் மிதந்து போகாமல் பிடித்து வைத்ததும் இதுதான்.

விண்வெளியில் நின்றது எங்கள் சுவரில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பண்டாரவளையில் வாங்கிய பசைப்பட்டியைச் சுவரில் ஒட்டினேன். காலையில் டோர்ச் பட்டியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. கொளுக்கியும் வளையமும் விடவேயில்லை. பசையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தபோதுதான், கைவிட்டது சுவர் என்று விளங்கியது.

பிறகு கட்டில் பலகையைத் துடைத்துக் காயவைத்து, பட்டியை அழுத்தி ஒட்டி, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாமல் விட்டேன். அது நின்றது. ஆனால் கொளுக்கிப் பக்கத்தைப் பலகையில் ஒட்டியதால் உம்மும்மாவின் முந்தானை சிக்கி நூல் இழுபட்டது. மறுபடி கழற்றி, மெத்தென்ற பக்கத்தைப் பலகையிலும் கொளுக்கித் துண்டுகளைப் பொருட்களிலும் ஒட்டினேன். டோர்ச், மூக்குக்கண்ணாடிக் கூடு, மருந்துப் பெட்டி எல்லாம் அவருடைய இடது கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தன. தஸ்பீஹுக்கும் ஒரு சிறு பை தைக்கவா என்று கேட்டேன்.

"அது வேணாம். அது என்ட கையிலேயே இருக்கட்டும்" என்று சிரித்தார்.

நேராக இழுத்தால் எல்லாக் கொளுக்கிகளும் ஒன்றாக எதிர்க்கும். ஓரத்தைச் சரித்து இழுத்தால் வரிசை வரிசையாக விட்டுக்கொடுக்கும். அதைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு, "அல்லாஹ்வே, என்னமோ கிழிஞ்சிட்டு!" என்று பதறினார். இப்போது பழகிவிட்டது. வாரம் ஒரு முறை பழைய பல்தூரிகையால் கொளுக்கிகளில் சிக்கிய தூசியை நான் எடுத்துவிட்டால் போதும்.

போன வாரமும் இரவில் கரன்ட் போனது. நான் எழும்பப் போனேன். அதற்குள் அடுத்த அறையில் 'கர்ர்' என்று சத்தம் கேட்டது. கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது. உம்மும்மா மெதுவாக நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து டோர்ச்சை அணைத்தார்.

நான் எழும்பவில்லை. மெழுகுவர்த்தியைக் கிட்ட இழுத்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.