ஓயா பெருகும் வேகம்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவழியில், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அக்குறணை எதிர்ப்படும். வீதியின் இருமருங்கும் நெருங்கிய கடைகள். அருகே மகாவலியை நாடிச் செல்லும் பிங்கா ஓயா. வறண்ட நாட்களில் கற்களைத் தழுவிச் சலசலக்கும் இச்சிற்றாறு, மலைகளில் பெருமழை பொழிந்தால் கடைத்தெருவுக்குள்ளேயே புகுந்துவிடும்.

சென்ற மாரியில், நண்பரான புடைவைக் கடை முதலாளியின் மேல்மாடியில் ஒருநாள் தங்கினோம். ஓயா பெருகுவதைப் படமாக்குவது எமது நோக்கம். 1910ஆம் ஆண்டில் பெர்சி சிமித் என்ற ஆங்கிலேயர் மலர்கள் விரிவதைத் திரையிற் காட்டிய முறைதான் இது. ஐந்து விநாடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் எடுத்தால் 720 படங்கள் சேரும். விநாடிக்கு 24 வீதம் அவற்றை ஓட்டினால், அந்த ஒரு மணி நேரம் 30 விநாடிகளில் நம் கண்முன் கடந்துவிடும்.

கைத்தொலைபேசியை ஜன்னலின் ஒரு புறத்திலும், கமராவை முக்காலியில் மறுபுறத்திலும் நிறுத்தினோம். தொலைபேசி ஒளிக்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொண்டு, அழகிய படமொன்றை ஆயத்தமாகவே தந்தது. நாம் ஒளியளவை நிலையாக வைத்திருந்தமையால், கமராவின் படங்கள் மாலையில் மங்கிவிட்டன. தொலைபேசியே வென்றதென்று எண்ணினோம்.

அப்போது நண்பர், "சேர், தண்ணி முதற்படியிலிருந்து நாலாம்படிக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது? சாமான்களை மேலே ஏற்ற அவ்வளவு நேரந்தானே எங்களுக்கு?" என்றார்.

நாம் திகைத்தோம். எமது தொலைபேசி, பதிவு நீள நீள இடைவெளியையும் தானே கூட்டிவிடும் வகையைச் சேர்ந்தது; படங்களை ஒன்றாக்கி, ஒவ்வொன்றினதும் நேரத்தை மறைத்தும் விட்டது. கமராவின் மங்கிய படங்களிலோ ஒவ்வொன்றுக்கும் மணியும் நிமிஷமும் இருந்தன. எண்ணிப் பார்த்து, "25 நிமிஷம், நானா" என்றோம். அன்று நீர் அப்படியோடு வடிந்துவிட்டது. ஆயினும் அவர் அந்த எண்ணைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தார்.

இதற்கு விலையுயர்ந்த கமராதான் வேண்டுமென்பதில்லை. மாணவர்கள் கைத்தொலைபேசியைப் பாதுகாப்பான ஓரிடத்தில் அசையாது நிறுத்தி, ஐந்து நிமிஷத்துக்கொரு தனிப்படம் எடுத்தாற் போதும். ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருக்கும். ஓடும் படம் ஆற்றின் அழகைக் காட்டும். நேரம் பதிந்த படமோ ஒரு குடும்பத்தின் முதலைக் காக்கும்.