தந்தியும் பெயரும்

இசையென்பது காற்றிற் பிறந்து காற்றிற் கலப்பது என்றே நாம் நெடுங்காலம் எண்ணி வந்துள்ளோம். மின்கிற்றாரையும் பேஸ் கிற்றாரையும் நேரே கணினியோடு இணைத்துப் பதிவு செய்யும் முறையோ அவ்வெண்ணத்தைத் தகர்த்து விடுகிறது. இங்கு ஒலிவாங்கி இல்லை, காற்றுக்கும் வேலையில்லை. உருக்குத் தந்தி அதிர, காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831 இல் பரடே கண்ட விதியே இது. அதனை ‘ஓடியோ இன்ரபேஸ்’ என்னும் சிறு பெட்டி செக்கனுக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது.

செப்புச் சுருள் தரும் சமிக்ஞை மென்மையானது. ஏற்கும் இடத்தின் மின்தடை குறைவாயின் ஒலியின் துலக்கம் மழுங்கிப் போகும். ஆகவேதான் இப்பெட்டியில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஓம் தடையுடன் வாத்தியத்துக்கெனத் தனிவாயில் அமைக்கப்படுகிறது. எமது சிற்றறையில் இவ்வாறு பதிந்து கேட்டோம். பேஸ் உருண்டு திரண்டு ஒலித்தது. கிற்றாரின் கரகரப்போ காதை அறுத்தது. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு அக்கூர்மையை வடிகட்டி விடும். அது இல்லாத இடத்தில் அதன் பணியைச் செய்யக் கணினி நிரலொன்று வேண்டியிருக்கிறது.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் 1959 இல் பெரி கோர்டி என்பார் தம் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் பெற்று மோட்டவுண் நிறுவனத்தைத் தொடங்கினார். வீடொன்றின் பின்புறத்தில் இருந்த ஒளிப்படக்கூடமே அதன் ஒலிப்பதிவுக்கூடமாயிற்று. அச்சிறு கூடத்தில் ஒவ்வொரு கிற்றாருக்கும் ஒலிபெருக்கி வைத்தால் அதன் ஓசை ஏனைய ஒலிவாங்கிகளிலும் புகுந்துவிடும். எனவே பொறியியலாளர்கள் தாமே ஒரு பெட்டி செய்து, கிற்றார்களையும் பேசையும் நேரே பதிவு மேசைக்கு இணைத்தனர். வாசிப்போர் பொது ஒலிபெருக்கி ஒன்றின் வழியே தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர்.

மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர் கோர்டி. அங்கு கண்ட தொடர் உற்பத்தி முறையையே பாட்டு ஆக்கத்துக்கும் கொண்டுவந்தார். அத்தொடரின் அடித்தளம் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936 இல் தென் கரோலினாவில் பிறந்த இக்கறுப்பினக் கலைஞர் வலக்கையின் ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்த பேஸ், உலகெங்கும் கோடிக்கணக்கானோரை ஆடவைத்தது. ஆயினும் அவரும் அவர்தம் தோழர்களும் வாசித்த இசைத்தட்டுக்களிற் பெரும்பாலானவற்றின் உறைகளில் அவர்தம் பெயர்கள் இல்லை. 1971 இல் வெளிவந்த மார்வின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ உறையிற்றான் அவை உரிய இடம் பெற்றன. மறு ஆண்டே நிறுவனம் லொஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்தது. டெற்றோயிற் கலைஞர் பலர் தொழிலிழந்தனர். ஜேமர்சன் 1983 இல், 47 வயதில் மறைந்தார். ரொக் இசைப் புகழ்மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது 2000 ஆம் ஆண்டிலேயாம்.

விரலின் நுண்ணிய அசைவையும் தவறவிடாத கம்பி, விரலுக்குரியவனின் பெயரை மட்டும் தவறவிட்டது ஏன்? குறை கம்பியினுடையதன்று. கம்பியின் மறுமுனை எவர் கையில் இருந்தது என்பதே கேள்வி.

இன்று அம்மறுமுனை இளைஞரின் மேசைக்கே வந்துள்ளது. பெருங்கூடத்துக்கு வாடகை தரவேண்டியதில்லை. அயலவரின் உறக்கமும் கெடாது. இது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் கருவி கைக்கு வந்ததனால் மட்டும் உரிமை வந்துவிடாது. டெற்றோயிற் கலைஞர் ஒரே கூடத்திற் கூடியிருந்தனர். கூடிப்பேசவும் அவர்களால் இயன்றது. இன்றைய கலைஞனோ தன் செலவில் கருவி வாங்கி, தன் அறையில் தனித்திருந்து வாசித்து, ஒலிக்கோப்பை அனுப்பிவிடுகிறான். அதன்பின் அது எங்கே செல்கிறது, எவர்க்குப் பொருளீட்டுகிறது என்பதை அவன் அறியான்.

ஆதலின் இசை பயிலும் மாணவர்க்கும் பயிற்றும் ஆசிரியர்க்கும் நாம் கூறுவது இதுவே: வாயிலின் தடையையும் ஒலியின் அளவையும் சரிபார்ப்பது போலவே, வாசித்தவர் பெயரையும் அவர்க்குரிய பங்கையும் பதிவு தொடங்குமுன் எழுதி வையுங்கள். பெயரில்லாத உழைப்பைச் சுரண்டுவது எளிது.