எங்கள் கல்யாணத்துக்கு யார் சமைப்பது?

புரோகிதர் வேண்டாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் அந்த வழியை எப்போதோ போட்டுக் கொடுத்துவிட்டது. ஆனால், வரவேற்புக்கு வரும் 300 பேருக்கு யார் சமைப்பது என்ற கேள்வியில் மூன்று வாரம் சிக்கிக்கொண்டோம்.

பூதலூரில் எங்கள் தெருவிலேயே பந்தல். பெண் வீட்டு அப்பா தெளிவாகச் சொன்னார்: "தஞ்சாவூர்லேர்ந்து சமையல்காரரை வச்சுடுவோம். குடியானத் தெருவிலேர்ந்து நாலு பேரு வருவாங்க. அவங்க கை நனைக்காமப் போனா நல்லாருக்காது." அந்தச் சமையல்காரர் என்ன சாதியாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு வரும் குடியானத் தெருக்காரர்கள் மொய் எழுதுவார்கள், நாற்காலியில் உட்காருவார்கள், மூடி திறக்காத கலர் பாட்டிலை வாங்கிக் குடிப்பார்கள். பந்திக்குக் கூப்பிட்டால் மட்டும், "இப்பதான் சாப்பிட்டு வந்தோம்."

நாங்களே சமைக்கிறோம் என்றோம். நாங்கள் இருவர், நண்பர்கள், பெரிய அடுப்பில் பழகிய தெரு அக்காக்கள். இதை எதிர்த்தது மாப்பிள்ளை வீட்டு அம்மா.

"காலமெல்லாம் அவங்க வீட்டுக் கல்யாணத்துல விறகு பொளந்தோம், எச்சி எலை எடுத்தோம். எம் புள்ள கல்யாணத்தன்னிக்காவது உக்காந்து சாப்பிடக் கூடாதா?"

சமூகவியலில் படித்த எதுவும் இதற்குப் பதில் சொல்ல உதவவில்லை. எங்கள் சுயமரியாதைக்காக நான்கு பெண்களை விடிய விடியப் புகையில் நிறுத்துவது என்ன நியாயம்?

விருந்து நமக்கு ஒருபோதும் வெறும் சாப்பாடாக இருந்ததில்லை. 1936-இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், தீர்த்த யாத்திரை போய்வந்த ஒரு தலித் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். நெய்யும் பரிமாறினார். அதற்காகச் சாதி இந்துக்கள் தடியோடு வந்து, உணவை நாசமாக்கி, சாப்பிட்டவர்களை அடித்தார்கள். 'சாதியை அழித்தொழித்த'லில் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது என்றும் அதே நூலில் சொல்கிறார்.

சமபந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்கிற நாம், அடுப்படியில் யார் நின்றார்கள் என்று பார்ப்பதில்லை. 2018-இல் அவினாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அரிசியும் பருப்பும் அரசாங்கத்துடையவை. கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதுதான் தகராறு.

கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். சமைப்பது எங்கள் தெருப் பெண்கள்தான், ஆனால் ஓசியில் இல்லை. தஞ்சாவூர்க்காரர் கேட்ட கூலி அவர்களுக்கு. வெங்காயம் உரிப்பது, தண்ணீர் தூக்குவது, இலை எடுப்பது எல்லாம் ஆண்கள் வேலை. மாப்பிள்ளைக்கும் விலக்கு இல்லை. அம்மாவுக்கு முதல் பந்தி. அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தோம்: "விருந்து சமைப்பவர்கள் நம் தெருப் பெண்கள்."

அப்பா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதே அழைப்பிதழை எடுத்துக்கொண்டு குடியானத் தெருவுக்குத் தனியாகப் போனார். அங்கே என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அன்று 35 கிலோ அரிசி வெந்தது. குடியானத் தெருவிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் கலர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு பேர் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா அந்த இருவரையே பார்த்துக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். அம்மா ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. முதல் பந்தியில் நிதானமாகச் சாப்பிட்டு, இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கினார். அவர் இலையை எடுத்தது அவர் மகன்.

ஐந்து பேர் சாப்பிடாமல் போனதில் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர்கள் சாப்பிடுவதற்காக எங்கள் அக்காக்களின் கையை நாங்களே ஒதுக்கியிருந்தால், அந்த வருத்தம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் சமையலுக்கு ஆள் பேசுவார்கள். யார் சாப்பிட வேண்டும் என்பதற்காக அந்த ஆளைத் தேடுகிறோம் என்று அன்றைக்கு வாய்விட்டுக் கேளுங்கள்.