ஸ்ரீகாரியத்துச் சீனிக்கிழங்குக் கொடிகள்

மம்பட்டி இரண்டு வெட்டோடு நின்றது. அதற்குமேல் விரல்தான். கொடியை முன்பே அரிவாளால் அரிந்து ஓரமாகச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். மேட்டின் நடுவே தூர் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த சேச்சி தூரைச் சுற்றி மண்ணைக் கிளறிவிட்டு மொத்தமாகப் பிடித்துத் தூக்கினார். ஐந்து கிழங்குகள். ஒன்றைக் கையாலேயே முறித்துக் காட்டினார். உள்ளே கேரட் நிறம், முறிந்த இடத்தில் பால் துளிர்த்தது.

“இது கனகா, சாரே. எண்பது நாள்கூட ஆகல்ல.”

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில், மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயலில் நின்றிருந்தோம். 1963-ல் தொடங்கிய நிறுவனம். மரச்சீனி, சேனை, சேம்பு, காச்சில், சீனிக்கிழங்கு என்று குமரி மாவட்டத்துச் சமையலறைகள் நம்பியிருக்கும் அத்தனை கிழங்கிலும் இங்கே புது ரகங்களை உருவாக்குகிறார்கள். புரட்டாசி பாதியில் போனதற்குக் காரணம் உண்டு. ஆனி மழையில் நட்டது அப்போது அறுவடைக்கு வரும். அடுத்த நடவுக்கான தலைக்கொடியும் அதே நேரத்தில் கிடைக்கும். கிழங்கையும் பார்க்கலாம், கொடியையும் பார்க்கலாம்.

வீட்டுத் தோட்டத்தில் சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, நடுகிறவர்களில் அநேகம் பேர் சந்தையில் வாங்கியதில் மிஞ்சிய ஒன்றை முளைக்கவிட்டு நடுகிறார்கள். அது வளரும், கிழங்கும் வைக்கும். ஆனால் அது என்ன ரகம், எத்தனை நாள் பயிர், எந்த மண்ணுக்கு ஏற்றது என்று ஒன்றும் தெரியாது. சந்தைக்கு வரும் கிழங்கு மூட்டையில் அடிபடாமல் வர வேண்டும், எடை நிற்க வேண்டும் என்று வியாபாரத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. வீட்டுக்கு வேண்டியது வேறு. அந்த வேறு என்ன என்பதை வயலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளவே போயிருந்தேன்.

பாத்தி பாத்தியாக ரகங்கள். தூரத்திலிருந்து எல்லாம் ஒரே பச்சைதான். குனிந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஒன்றில் இலை இதய வடிவம், பக்கத்துப் பாத்தியில் விரல் விரித்ததுபோல் பிளந்த இலை, அடுத்ததில் நரம்பும் தளிரும் ஊதா. ஸ்ரீ பத்ரா, ஸ்ரீ அருண், ஸ்ரீ வருண், ஸ்ரீ ரத்னா, ஸ்ரீ கனகா என்று பெயர்கள். இவற்றுக்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த நாட்டு ரகங்களின் பெயர்கள் இன்னும் அழகு: பத்ரகாளிச்சுவல, கொட்டாரச்சுவல, சீனவெள்ள, ஆனக்கொம்பன். பழைய வீட்டு முற்றங்களில் இவை எங்காவது மிஞ்சியிருந்தால் ஒரு முழம் கொடியாவது வாங்கி வைத்துக் காப்பாற்றுங்கள். இதன் வித்து கொடிதான். கொடி பட்டுப்போனால் அந்த ரகம் அந்த வீட்டைவிட்டே போய்விடும்.

ரகம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது விளைச்சல். கணக்குப் போட்டுப் பார்த்தால் வீட்டுக்கு அந்தக் கேள்வியே வேண்டியதில்லை. நல்ல ரகம் ஒன்று ஹெக்டேருக்கு 20 டன் தருகிறது என்றால், ஒரு சென்ட்டுக்கு 80 கிலோ. நம் கவனிப்பில் அதில் பாதிதான் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40 கிலோ. நாலு பேர் இருக்கும் வீட்டில் அதைத் தின்று முடிக்க முடியாது. நம் வெயிலுக்கு உருளைக்கிழங்கு போல மாதக்கணக்கில் இருக்கவும் செய்யாது. ஆக, ஒரு சென்ட் வைத்திருப்பவர் டன் கணக்கைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பதில் பொருளே இல்லை. பார்க்க வேண்டியது நாள்.

ஏன் நாள் என்பதை, சேச்சி ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு கிழங்கு காட்டியது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மேல்முனையில் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். பிளந்தபோது உள்ளெல்லாம் கறுத்த சுரங்கம், மூக்கைத் துளைக்கும் கசப்பு வாடை. கூன்வண்டு. எறும்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடக்கூடிய உருவம். தலையும் வயிறும் கருநீலம், நடுவில் மட்டும் செம்மஞ்சள். புழு குடைய ஆரம்பித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கிறது. கொஞ்சம்தானே குடைந்திருக்கிறது, வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வேகவைக்கலாம் என்றால் நடக்காது; கசப்பு முழுக்க ஏறியிருக்கும். மாட்டுக்குப் போடுவதும் கூடாது.

இந்த வண்டால் மண்ணைத் தோண்ட முடியாது. கிழங்கு பருக்கும்போது மேட்டில் வெடிப்பு விழுகிறது. மழை நின்று வெயில் ஏறினால் வெடிப்பு அகலமாகிறது. அதன் வழியாக இறங்கித்தான் முட்டையிடுகிறது. அதனால்தான் மண் அணைப்பது இந்தப் பயிருக்கு அவ்வளவு முக்கியம். அதே காரணத்தால்தான் கூடுதல் நாள் நிலத்தில் கிடக்கும் ரகம் கூடுதல் ஆபத்து. வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். காச்சிலுக்கு அது சரி. சீனிக்கிழங்கில் வண்டுக்கு விருந்து வைப்பதாக முடியும். 75 முதல் 85 நாளில் முடியும் ஸ்ரீ கனகாவையும், 90 நாளில் வரும் ஸ்ரீ பத்ராவையும் நான் முதலில் சொல்வது இதனால்தான். அருணும் வருணும் 90 முதல் 100 நாள். அதற்குமேல் போகும் ரகத்தை, தினமும் மண்ணைப் பார்க்க நேரம் உள்ளவர்கள் நடலாம்.

பத்ராவுக்கு இன்னொரு குணம். தக்காளி, கத்தரி, வெண்டை வைத்த இடத்தில் செடியைப் பிடுங்கினால் சிலருக்கு வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரியும், வேர்முடிச்சு நூற்புழு. பத்ராவின் வேருக்குள் நுழையும் நூற்புழு அங்கே பெருக முடியாமல் நின்றுபோகிறது. அதனால் அதைப் பொறிப்பயிராகவே பரிந்துரைக்கிறார்கள். மாற்றி மாற்றிக் காய்கறி வைக்கும் சின்னத் தோட்டத்துக்கு இப்படி ஒரு ரகம் பெரிய உதவி. கிழங்கு சாப்பிடவும் ஆகிறது, மண்ணும் தேறுகிறது.

திரும்பும் வழியில் குழித்துறை பக்கம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீட்டில் இறங்கினேன். வீட்டின் பின்னால் மூன்று சென்ட். வெவ்வேறு ரகங்களை வருடக்கணக்காக வைத்துப் பார்த்தவர். வயலில் பார்த்ததை நாக்கில் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

“உக்காரு மக்களே, மூணையும் ஒரே நேரத்துல ஆவியில வச்சிருக்கேன். பெயரு சொல்ல மாட்டேன். தின்னுட்டு நீயே சொல்லு.”

முதல் தட்டில் வெள்ளைச் சதை, மேல்தோல் இளஞ்சிவப்பு. விண்டால் மாவாக உதிர்ந்தது. இனிப்பு அளவாக இருந்தது. காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடும் போயிற்று, அவர் வைத்திருந்த மீன்குழம்போடும் போயிற்று. அது அருண். இரண்டாவது கனகா: சாறு கட்டிய மென்மை, நல்ல இனிப்பு, ஆனால் மீன்குழம்பில் கரைந்து குழைந்துவிடுகிறது. அவருடைய பேத்தி அந்தத் தட்டை மட்டும் இழுத்துக்கொண்டாள்.

இந்த இரண்டு தட்டுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. ஆரஞ்சுச் சதையின் நிறமே பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கனகாவில் 100 கிராமுக்கு 9 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இதே நிறுவனத்தின் புவனேஸ்வரம் மண்டல மையத்திலிருந்து வந்த ‘பூ சோனா’வில் 14 மில்லிகிராம். வெள்ளைச் சதைக் கிழங்கில் இது அநேகமாக இல்லை. ஆனால் கரோட்டின் ஏறும்போது பொதுவாக உலர்பொருள் குறைகிறது, மாவுத்தன்மை போய் ஈரம் கூடுகிறது. பெரியவர்களின் நாக்குக்கு மாவு வேண்டும், குழந்தைக்குக் குழைவு பிடிக்கும். ஆப்பிரிக்காவில் ஆரஞ்சு ரகங்களைப் பரப்பியவர்கள் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். கரோட்டினும் மாவும் சேர்ந்து நிற்கும் ரகங்களை உருவாக்கி மக்களிடம் கொண்டுசேர்த்ததற்காக மரியா ஆண்ட்ரேட், ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ ஆகிய மூவருக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. உணவுப் பயிர்களில் சத்தேற்றும் பணிக்காக ஹோவர்த் பூயிஸும் அதைப் பகிர்ந்துகொண்டார். தென்னாப்பிரிக்காவில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதியம் 125 கிராம் வேகவைத்த ஆரஞ்சுக் கிழங்கு கொடுத்துப் பார்த்த ஆய்வில் அவர்களின் வைட்டமின் ஏ நிலை தேறியதாக 2005-ல் வெளியிட்டார்கள். 125 கிராம் என்பது நடுத்தரமான ஒரு கிழங்குதான். வளரும் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு பாத்தியாவது ஆரஞ்சாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால். தேங்காய்த் துருவலோடு கொடுங்கள். கரோட்டினை உடம்பு ஏற்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

மூன்றாவது தட்டில் ஊதா, ‘பூ கிருஷ்ணா’. ஆந்தோசயனின் 100 கிராமுக்கு 90 மில்லிகிராம். இனிப்பு குறைவுதான், கனகாவுக்குப் பிறகு தின்றால் சப்பென்றுகூட இருக்கிறது. டீச்சர் இதைத் தண்ணீரில் போட்டு வேகவைப்பதே இல்லை. நிறம் முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும், ஆவிதான் சரி. உப்பைத் தாங்கும் ரகம் இது. கிணற்றில் உவர் ஏறிய கடலோர ஊர்க்காரர்கள் நிறத்துக்காக இல்லாவிட்டாலும் அந்தக் குணத்துக்காக இதை வைத்துப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீகாரியம் எட்டாத தூரத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்களைக் கேட்டு வாங்கலாம். அவற்றில் கோ 3 ஆரஞ்சுச் சதை கொண்டது. ஆனால் 105 முதல் 110 நாள் ஆகும்.

இனி நாளைக் கணக்குப் பண்ணுவோம். தெற்கே பொங்கல் படையலில் கிழங்கு இல்லாமல் முடியாது. தை முதல் நாளுக்குக் கிழங்கு வேண்டுமென்றால், 90 நாள் ரகத்தை ஐப்பசி பிறக்கிற சமயத்தில் நட வேண்டும். கோ 3 என்றால் புரட்டாசி இரண்டாம் வாரம். கனகாவுக்கு ஐப்பசி பத்து வரை அவகாசம் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: ஐப்பசி அடைமழையில் மேடு கரையும். அதனால் நட்டதும் ஒரு முறை, மழை விட்டதும் ஒரு முறை என்று மண் அணைக்கத் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் மூலையை விட்டுவிடுங்கள். தென்னை நிழலும் ஆகாது. கொடி ஓடும், கிழங்கு வைக்காது.

கொடி வாங்கும்போது நுனிப்பக்கம் மட்டும் வாங்க வேண்டும், ஒரு முழத்துக்கும் குறைவாக, 20 முதல் 30 செ.மீ. அடிப்பக்கத் தண்டில் கூன்வண்டின் முட்டை இருக்கக்கூடும். நுனியில் அந்த ஆபத்து குறைவு. இலையில் மஞ்சள் திட்டும் ஊதா வளையமும் தெரிந்தால் வைரஸ் என்று சந்தேகித்து ஒதுக்கிவிடுங்கள். விதை வழியே புதுப்பிக்காமல் கொடியிலிருந்து கொடி என்றே போகும் பயிரில் நோயும் கூடவே பயணிக்கும். வாங்கிய கொடியை அன்றே நட வேண்டியதில்லை; இலையோடு இரண்டு நாள் நிழலில் வைத்தால் கணுவில் வேர் எட்டிப்பார்க்கும். சேச்சி நட்டுக் காட்டிய விதம்: கொடியின் நடுப்பகுதி மண்ணுக்குள், இரண்டு முனையும் வெளியே. பாருக்குப் பார் 60 செ.மீ., கொடிக்குக் கொடி 20.

“சாணம் நெறைய இடாதே சாரே,” என்றார். “இலை மாத்திரமே கிடைக்கும்.”

தழைச்சத்து அதிகமானால் கொடிதான் கொழுக்கும். கிழங்குக்குச் சாம்பல் சத்து வேண்டும். அடுப்புச் சாம்பல் இருக்கிற வீடுகளில் அது வீணாகக் கூடாது. படரும் கொடியை இடையிடையே தூக்கிப் புரட்டிவிட்டால் கணுக்கள் வேர்விட்டுக் குட்டிக் கிழங்கு வைப்பது நிற்கும். மொட்டை மாடியில் வைப்பவர்களுக்கு அகலமான பை நல்லது. பை மண் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடுவதால் அங்கேயும் குறைந்த நாள் ரகமே பாதுகாப்பு. வேலியில் இதே குடும்பத்துக் காட்டுக்கொடிகள் படர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள், கிழங்கு இல்லாத மாதங்களில் வண்டு அங்கே தங்கும். வண்டு தென்பட்டால் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வையுங்கள். அதில் விழும் ஆண் வண்டுகளின் எண்ணிக்கை நிலைமையைச் சொல்லிவிடும்.

தோண்டிய கிழங்கை உடனே கழுவக் கூடாது. நிழலில் ஒரு வாரம் கிடந்தால் காயம் ஆறும், மாவில் ஒரு பங்கு சர்க்கரையாகும். வேகவைப்பதும் மெதுவாக நடக்கட்டும். மிதமான சூட்டில்தான் கிழங்கில் உள்ள நொதி மாவை இனிப்பாக மாற்றுகிறது. நம் வீடுகளில் தணலுக்குள் புதைத்துச் சுட்ட கிழங்கு அவ்வளவு இனித்ததற்கு அதுதான் காரணம்.

என் தோட்டத்துக்குக் கனகாவும் அருணும் போதும் என்று முடிவுசெய்தேன். அரை சென்ட்டில் இரண்டையும் பாதிப்பாதியாக, இரண்டு வார இடைவெளி விட்டு நடுவதாகத் திட்டம்; எல்லாம் ஒரே வாரத்தில் விளைந்து குவியாது. தக்காளி முடிந்த பாத்திக்கு மட்டும் பத்ரா. அறுவடைக்குப் பிறகு ஒவ்வொரு ரகத்திலும் நாலைந்து தலைக்கொடியை, துணி துவைக்கும் கல்லின் ஓரமாக ஈரம் காயாத இடத்தில் பெயர் எழுதிய குச்சியோடு ஊன்றி வைத்தால் போதும். அடுத்த ஆனி மழைக்கு யாரிடமும் கொடி கேட்க வேண்டியிருக்காது, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.