முட்டுக்கட்டை

எங்கள் வண்டி வருவதைக் காதுதான் முதலில் சொல்லும். நாலு பேரிங்கும் தார் ரோட்டில் உருண்டு 'கர்ர்ர்' என்று கிளம்பும் சத்தத்தில், திண்ணையில் மதியத் தூக்கம் போடுகிற பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்து எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். கடலூர் முதுநகரில் 1980களின் நடுவில் ஒரு கத்திரி வெயில் காலம். கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். எங்கள் தெருப் பையன்களுக்கு அந்த ஒரு மாதம் அதுவே டெட்ராய்ட்.

அதற்கு முன் நாங்கள் ஓட்டியது நுங்கு வண்டி. நுங்கைக் குடைந்து தின்றபின் மிஞ்சுகிற இரண்டு கூந்தலைக் குச்சியால் இணைத்து, கவைக்குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுவது. கொஞ்சம் வளர்ந்தால் பழைய சைக்கிள் டயர். அதற்கும் மேல் ஒரு பதவி உண்டென்றால் அது பேரிங் வண்டி. மற்ற இரண்டிலும் வண்டிக்குப் பின்னால் நாம் ஓடவேண்டும். இதில் ஏறி உட்காரலாம்.

பேரிங்குக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. மாமா லேத் பட்டறை வைத்திருந்தார். துறைமுகத்து லாரி, நெய்வேலி போகிற லாரி, விசைப்படகு இன்ஜின் என்று எதன் பேரிங் தேய்ந்தாலும் கழற்றிப்போட்டது பட்டறை மூலையில் தகர டின்னில் கிடக்கும். எடுத்துக்கொள்ள மாமா ஒரு நிபந்தனை போட்டார். "நம்பர் படிச்சுச் சொல்லிட்டு எடு மாப்ளே."

கிரீஸைத் துடைத்தால் விளிம்பில் பொடி எழுத்தில் எண் தெரியும். ஒன்றில் 6305. கடைசி இரண்டு இலக்கம் 05. அதை ஐந்தால் பெருக்கினால் 25, அதுதான் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில். 04 முதல் பெரும்பாலான பேரிங்குக்கு இந்தக் கணக்குச் சரியாக வரும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு இப்படி ஒரு பயன் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஜோடியாக நாலு 6305 கிடைக்கவில்லை. இரண்டுதான் தேறியது. மற்ற இரண்டும் 6205. உள்துளை அதற்கும் 25தான், ஆனால் வெளிவட்டம் 52 மில்லிமீட்டர். 6305க்கு 62. ஒரு சென்டிமீட்டர் குட்டை. நான் அழாத குறை.

"அழாதடா, இதாண்டா ஸ்டைலு" என்றான் பெரியம்மா மகன். அண்ணன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பாசஞ்சரில் வருவான், அழுக்குத் துணியோடு. அவன்தான் எங்கள் டிசைனர். கிராஃப் தாளில் மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என்று மூன்று வரைந்திருந்தான். சின்ன பேரிங்கை முன்னால் போடு, வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பாயத் தயாராக நிற்கும், அமெரிக்காவில் காசு கொடுத்து இப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்றான்.

ஹாட் ராட் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கலிபோர்னியாவில் பையன்கள் பழைய ஃபோர்டு காரை, அதிலும் 1932 மாடலைத் தேடி, மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, இன்ஜினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்ப்பார்களாம். அந்தக் காருக்கு வி-8 இன்ஜின். எட்டு சிலிண்டர் என்று அண்ணன் விரித்துக் காட்டிய எட்டு விரலும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் வண்டிக்கு இன்ஜின் நானும் தெருப் பையன்களும்தான். தள்ளவேண்டும், அல்லது இறக்கம் வேண்டும்.

அச்சுக்குச் சவுக்குக் கட்டை. எங்கள் கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்பு. நேரான கட்டையாகப் பார்த்து இரண்டு எடுத்து, முனையை அரிவாளால் சீவி, அரத்தால் ராவி, பேரிங் பாதி தூரம் கையாலேயே ஏறி, மீதிக்குச் சுத்தியல் அடி வாங்குகிற பதத்துக்குக் கொண்டுவரவேண்டும். ஒரு நூல் அதிகம் சீவினால் பேரிங் ஆடும், வழியில் கழன்று ஓடும். குறைத்துச் சீவினால் அடிக்கும்போது கட்டை பிளக்கும். நான் மூன்று கட்டையைப் பிளந்தேன். நாலாவதைத் துறைமுகத்தில் படகு கட்டுகிற ஆசாரி ஒருவர் என் கையிலிருந்து வாங்கி, பேசிக்கொண்டே, வெற்றிலையை மென்றுகொண்டே, பார்க்காமலே சீவிக் கொடுத்தார். தட்டினேன், டப்பென்று போய் உட்கார்ந்தது.

பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சைக்கிள் கம்பியால் உள்ளே சுழற்றிச் சுழற்றிக் கழுவினோம். குண்டுகளுக்கு நடுவே ஒரு மணல் இருந்தாலும் நறநறக்கும். பின் அச்சைப் பலகையோடு ஆணியடித்தோம். முன் அச்சு மட்டும் நடுவில் ஒரே போல்ட்டில் நிற்கும். அதன் இரு முனையிலும் கால் வைத்து எந்தக் காலை அழுத்துகிறோமோ அதற்கு எதிர்ப் பக்கம் திரும்பும். பெயிண்ட், போர்டு எழுதுகிறவர் டப்பாவின் அடியில் விட்ட சிவப்பும் மஞ்சளும். அண்ணன் பக்கவாட்டில் தீ ஜுவாலை வரைந்தான். அமெரிக்கக் காரில் அது எப்படி இருக்குமோ, எங்கள் பலகையில் மாரியம்மன் கோயில் அக்கினிச் சட்டி மாதிரி வந்தது. பாட்டி பார்த்துவிட்டுத் தொட்டுக் கும்பிட்டாள்.

கடலூர் தட்டையான ஊர். இறக்கம் வேண்டுமென்றால் கேப்பர் மலைக்குத்தான் போகவேண்டும். பெயர்தான் மலை. செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, மத்திய சிறைச்சாலை, இவ்வளவுதான். என்றாலும் தார் போட்ட சரிவு. பேரிங் வண்டிக்குத் தார் ரோடு இல்லாமல் முடியாது, சரளைக் கல்லில் அது ஒரு முழம்கூட நகராது. விடிகாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். எடை குறைவு என்பதால் முதல் ஓட்டம் எனக்கு.

முதல் பத்து விநாடி சொர்க்கம். பிறகு முன் அச்சு வெடவெடவென்று உதற ஆரம்பித்தது. மூன்று கிராஃப் படத்திலும் இல்லாத ஒன்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக். பின்னால் ஓடிவந்த அண்ணன் "காலை ஊன்றுடா, காலை ஊன்றுடா!" என்று கத்தினான். ஊன்றினேன். ரப்பர் செருப்பின் வார் அறுந்து செருப்பு ஒரு பக்கம் போனது, நானும் வண்டியும் முந்திரித் தோப்பின் முள்வேலிக்குள் போனோம். வீட்டில் அம்மா டிஞ்சர் ஊற்றியபோது போட்ட கத்தல், வேலிக்குள் கத்தியதைவிடப் பெரியது.

வண்டி பரண் ஏறியது. அந்த ஆனியில் என்னைச் சமாதானப்படுத்த அண்ணன் சிதம்பரம் தேருக்குக் கூட்டிப்போனான். மீட்டர்கேஜ் பாசஞ்சர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போகும். நடராஜர் கோயிலில் மூலவரேதான் உற்சவர். ஆனியிலும் மார்கழியிலும் அவரே தேர் ஏறி வீதிக்கு வருகிறார். விநாயகர், முருகன், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் தேரும் சேர்ந்து மொத்தம் ஐந்து. எல்லோரும் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கீழே பார்த்தேன். சக்கரம் என் உயரத்துக்கு மேல் இருந்தது.

அந்தச் சக்கரத்துக்கு முன்னால், உருண்டு வருவதற்கு முகம் கொடுத்துக் குனிந்தபடி, பின்னோக்கியே நடந்தார்கள் சிலர். கையில் ஆப்பு மாதிரி செதுக்கிய கனத்த முட்டுக்கட்டை. தேர் சற்று வேகம் பிடித்ததும் சக்கரத்தடியில் சொருகுவார்கள். மடமடவென்று ஒரு சத்தம், கட்டை நசுங்கும், தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நிற்கும். கீழவீதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் கட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள். சக்கரம் அதன் மேல் ஏறி, சரிவில் வழுக்கி ஒரு சாண் திரும்பியது. மறுபடி கட்டை, மறுபடி ஒரு சாண். வடத்தில் ஆயிரம் பேர் இருந்தும், அந்த முனையில் தேரை ஓட்டியது குனிந்திருந்த அந்த நாலைந்து பேர்தான்.

தேர் நின்ற இடைவெளியில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தாத்தா, இதுக்கு பிரேக் இல்லியா?"

வியர்வையைத் துண்டால் வழித்துவிட்டுக் கட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதாண்டா தம்பி பிரேக். ஸ்டேரிங்கும் இதான்."

'முட்டுக்கட்டை போடுகிறார்கள்' என்று பத்திரிகையில் யாரையாவது குற்றம் சாட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் நினைவுதான் வரும். அந்தச் சொல்லை வசையாக்கியவர் தேரைத் தூரத்திலிருந்து பார்த்தவராக இருக்கவேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்திருக்கிறது. அந்த நவீன ஏற்பாட்டுக்கு முன் எத்தனையோ தலைமுறை அத்தனை பெரிய தேரும் கட்டையை நம்பித்தான் வீதி சுற்றியது.

நசுங்கிக் கிடந்த கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன், நம் வண்டிக்கு ஆகும் என்று. "சாமி தேர்க் கட்டைடா, கால் படுற இடத்துல வைப்பியா?" என்று அம்மா பிடுங்கிப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள். ஆகவே பலகையின் பின்புறம் துளை போட்டு ஒரு சவுக்கு நெம்புகோல், அதன் அடியில் லாரி டயர்த் துண்டு. கையால் இழுத்தால் டயர் ரோட்டில் அழுந்தும். அடுத்த ஞாயிறு அதே கேப்பர் மலை. இழுத்தேன். ரப்பர் கருகும் வாசனையோடு வண்டி வேலிக்கு இருபதடி முன்னால் நின்றது. வேலிக்குள் பழைய செருப்பு அப்படியே கிடந்தது.

அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் 1935 முதல் பிள்ளைகள் தாங்களே செய்த இன்ஜின் இல்லாத வண்டிகளை இறக்கத்தில் ஓட்டும் பந்தயம் நடக்கிறது என்று பிறகு படித்தேன். 1980களின் கடைசியில் கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். அண்ணன் அந்தச் செய்தியைக் கத்தரித்து எனக்கு அனுப்பினான், ஓரத்தில் "பிரேக் இருக்கு" என்று எழுதி.

எங்கள் வண்டி கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடம் சுமந்தது. உப்புக் காற்றில் பேரிங் துருப்பிடித்ததும் அம்மா பலகையைக் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினாள், தீ ஜுவாலை வெளியே தெரிகிற மாதிரி.

ஆனியிலோ மார்கழியிலோ சிதம்பரம் போகிறவர்கள் வடத்தருகே நெரிபட வேண்டாம். கீழவீதியும் தெற்கு வீதியும் சந்திக்கிற முனையில், சற்று ஒதுங்கி, சீக்கிரமே போய் இடம் பிடித்து நில்லுங்கள். சாமியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கீழேயும் பாருங்கள்.