விளிம்பும் வழியும்

மலை விளிம்பில் நிற்பவனுக்குப் பள்ளத்தாக்கு காட்சி. அதில் இறங்க வேண்டியவனுக்கு வழி. இந்த வித்தியாசத்தை நம் கவிதையியல் ஒரு காலத்தில் அறிந்திருந்தது. குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த காலம் கூதிரும் முன்பனியும், பொழுது யாமம். அதாவது குளிர், கண்ணுக்கு எதுவும் அகப்படாத நேரம். இரவில் வரும் தலைவனுக்காகத் தோழி அஞ்சுவது வழியை நினைத்துத்தான். அருவி உண்டு, வேங்கை உண்டு. ஆனால் அவற்றினூடே யாரோ ஒருவன் நடந்து வந்துகொண்டிருப்பான்.

வத்தல்மலையில் ஒரு மார்கழி இரவு இது எனக்கு உறைத்தது. நண்பர்கள் இருவரோடு, அறுத்து முடித்த சாமைக்காடு ஒன்றின் ஓரத்தில், காட்டுக்காரரின் சம்மதத்துடன் கூடாரம் அடித்திருந்தோம். 3000 அடிக்கு மேல். பத்து மணிக்குள் கூடாரத் துணி பனியில் நனைந்து கனத்துவிட்டது, கம்பளி போதவில்லை. விளிம்புக்கு அப்பால் வெறும் கருமை. அதற்கும் கீழே சமவெளியின் விளக்குகள். "அற்புதம்" என்றார் நண்பர். காட்டுக்காரர் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ரோடு வர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கமாத்தாங்க இறங்குவோம். முடியாதவங்கள தூளி கட்டித் தூக்கிக்கிட்டு." அவர் பார்த்தது விளக்குகளை அல்ல, நடுவே இருந்த இருட்டை. எங்கெங்கே தோள் மாற்றுவார்கள் என்று கையை நீட்டிக் காட்டினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இங்கே காப்பியும் மிளகும் சாமையும் பயிரிட்டு வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்த பிறகும், அரசுப் பேருந்து ஏறியது 2022-ல்தான். இப்போது அதே சாலையில் காட்சி தேடுகிறவர்களும் ஏறுகிறோம். இதே மாவட்டத்து ஒகேனக்கல்லில், காவிரி பாறையை அறுத்துக்கொண்டு போகும் இடுக்கில், சுற்றிப் பார்க்கப் பரிசல் விடுகிறார்கள். பரிசல் ஆற்றைக் கடக்க ஏற்பட்ட சாதனம்.

வழி முழுக்கக் காட்சியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் உதாரணம். ஒரு மைல் ஆழம். 1919-ல் தேசியப் பூங்கா. குளிர்காலத்திலும் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஜனங்கள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதை, ஹவாசுபாய் மக்களின் பழைய தடம். பாதையின் இடையில் அவர்கள் பயிர் செய்த இடத்திலிருந்து கடைசி மனிதரையும் பூங்கா நிர்வாகம் 1928-ல் வெளியேற்றியது. 2022-ல் அந்த இடத்துக்கு ஹவாசுபாய் தோட்டம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் திரும்பியது. தோட்டம் பூங்காவுக்குள்தான் இருக்கிறது.

நம் புதுக்கவிதையிலும் மலை பெரும்பாலும் விளிம்பிலிருந்தே எழுதப்படுகிறது. மூடுபனி, மௌனம், ஆழம் என்று படிமங்கள் குவிகின்றன; ஆளைக் காணோம். இவற்றில் பாதி, கீழே இறங்க வேண்டியிராத சௌகரியத்திலிருந்து பிறந்தவையோ என்று சந்தேகிக்கிறேன். மலைக்குப் பகலை ஒதுக்காமல் யாமத்தை ஒதுக்கியவர்களுக்கு இந்தச் சௌகரியம் இருந்திருக்காது. இருட்டில் மலையைப் பார்க்க முடியாது, நடக்கத்தான் முடியும்.