வாடைக் கணக்கு

சிவகாசியில் காற்று வேகமெடுத்தால் பட்டாசுக்காரருக்குத் தீப்பொறி பயம். அங்கிருந்து பஸ் ஏறினால் இருபதே கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கும் மேற்கே, மலையடிவாரத்துச் சம்சாரிக்குக் காற்று என்றால் வேறு பயம். காட்டுப்பன்றி!

இந்த மலை 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 முதல் புலிகள் காப்பகம். சம்சாரி தானே பன்றியைச் சுட 1972-ஆம் வருஷத்துச் சட்டம் விடாது. தீனிக்குள் வெடிமருந்து பொதியும் 'அவுட்டுக்காய்' அதைவிடப் பெரும் பாவம். கடித்தால் யானைக்கே வாய் சிதறிவிடும். மிச்சமிருப்பது பரண், டார்ச் லைட், தகர டின். அப்புறம் காற்றுக் கணக்கு!

மக்காச்சோளப் புஞ்சையில் ஒரு பெரியவரோடு பரண் ஏறினேன். கூட வந்த நண்பர் ஆபீஸ் போவதுபோல் சென்ட் அடித்திருந்தார்.

"தம்பி, நீங்க ஊருக்குள்ளயே படுத்துக்கிடுங்க. பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?"

பன்றிக்குக் கண் மட்டம். மூக்கோ போலீஸ் நாய் ரகம். "மனுச வாடை பிடிச்சா ஓடிப் போகாது தம்பி. சுத்திப் போயி அடுத்த பக்கமா எறங்கும்."

மடியிலிருந்து சாம்பல் எடுத்தார். திருநீறு பூசப் போகிறாரோ என்று பார்த்தால், விரலிடுக்கில் உதிர்த்தார். அது கிழக்கே நகர்ந்தது. "மலைக்காத்து எறங்குது. நல்லது!"

விஷயம் இதுதான். ராத்திரியில் சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே இறங்கும். வெயில் வந்ததும் தலைகீழ். ஆடியில் மேல்காற்று, பன்றி மேற்கே, நாம் கிழக்கே, கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் வம்பு. வாடைக்காற்று நம் வாடையைச் சுமந்துபோய்ப் பன்றியிடமே பத்திரமாகச் சேர்த்துவிடும்! அதனால் பெரியவர் அப்போது பரணைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றிவிடுவாராம். பன்றித் தடம் வடமேற்கே.

ஜிம் கார்பெட் 1944-ல் வந்த தன் புலி வேட்டைப் புத்தகத்தில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டார். மனுஷனுக்கு மோப்பம் தெரியாது என்பது ஆட்கொல்லிப் புலிக்குத் தெரியாது. மானிடம் வருவதுபோலவே, தன் வாடை எட்டாத பக்கமாகத்தான் வரும். ஆகவே காற்று போகிற பக்கம்தான் ஆபத்து!

மூன்று மணிக்குத் தட்டை சலசலத்தது. பெரியவர் அசையவில்லை. இருபதடி தூரம் வரும்வரை விட்டு, டின்னை அடித்து டார்ச்சைப் போட்டார். கறுப்பாக ஒன்று மலைப்பக்கம் பறந்தது.

"ஒரு ராத்திரி தப்பிச்சாச்சு. அறுவடைக்கு இன்னும் இருபது ராத்திரி கெடக்கு" என்று மறுபடியும் சாம்பலை எடுத்தார்.